ஊரில முன்பல்லுத் திருத்தப் போறியளோ? பகலில போங்கோ

நல்லூர்த் திருவிழாவுக்கோ ஒரு கலியாணவீட்டுக்கோ யாழ்ப்பாணம் போற எங்கட ஆக்கள் கனபேர் இப்ப அந்தச் சாட்டில பல்லையும் வடிவாக்கிக்கொண்டு வருவமெண்டு நிக்கினம். பிழையில்லை, லண்டனில முன்பல்லு ஒண்டுக்குக் கேக்கிற காசைக் கேட்டா எனக்கும் அந்த யோசினைதான் வந்தது, ஆனா நான் மாட்டுப்பட்ட கதையைக் கேட்டிட்டுப் போங்கோ.

ஊரில கனக்கப் பல் டொக்டர்மார் பகலில கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பின்னேரம்தான் பிரைவேட். நானும் இரவு ஏழு மணிக்குத்தான் போனன், கலியாணத்துக்குப் பத்து நாள் கிடக்கு. வாயைத் திறந்தபடி அரை மணித்தியாலம் பல்லை ராவினாப் பிறகுதான் டியூப்லைட்டுக்குக் கீழ, போடப்போறதின்ர கலரைத் தெரிய, கலர் அட்டையைப் பிடிச்சுப் பாத்தவர். பல்லுக் காய்ஞ்சா உள்ளதைவிட வெள்ளையாத் தெரியும், அது எனக்கு அப்ப ஆர் சொன்னது? கலியாணத்தண்டு இரவு ஒருத்தருக்கும் தெரியேல்லை, அடுத்தநாள் காலமை கிணத்தடியில நிண்டு பல்லு விளக்கேக்க மச்சாள் கிட்ட வந்து பாத்திட்டு "என்ன மச்சான், ஒரு பல்லில மட்டும் சுண்ணாம்பு அப்பின மாதிரிக் கிடக்கு" எண்டாள்.

அதால கலர் பாக்கிறது பகல் வெளிச்சத்தில, பல்லைத் தொடமுதல். சனிக்கிழமை காலமை தாங்கோ எண்டு கேளுங்கோ. லிப்ஸ்டிக்கைத் துடைச்சுப்போட்டுப் போங்கோ, கடும் சிவப்பு உடுப்பும் வேண்டாம், கண்ணை ஏமாத்தும்.

போர்டில 'காஸ்மெட்டிக்' எண்டு கிடக்கிறதை வச்சு நம்பிப் போடாதேங்கோ, அது ஆரும் எழுதலாம். பல் டொக்டர்மாரும் இலங்கை மருத்துவ சபையிலதான் பதியோணும், பேரையும் பதிவு நம்பரையும் கேக்கிறதில வெக்கமில்லை. முன்பல்லு கனக்கச் செய்யிறதெண்டா 'ரெஸ்டோரேட்டிவ்' கொன்சல்டன்ட், அதாவது பழுதான பல்லைத் திருத்திக் கட்டுறதில விசேசமாப் படிச்ச டொக்டர், ஒராளைத் தேடுங்கோ.

பிறகு ஒரே கேள்வி, எவ்வளவு ராவுவியள்? வெனியர், அதாவது பல்லின்ர முகப்பில ஒட்டுற மெல்லிய தகடு, எண்டா முன்பக்கம் மட்டும் அரை மில்லிமீற்றர் அளவு. கிரவுண், அதாவது பல்லை முழுக்க மூடுற உறை, எண்டா சுத்திவர ஒரு மில்லிமீற்றருக்கு மேல போகும். வெனியர் எண்டு கதைச்சு கிரவுண் போட்டு விடுற இடங்களும் இருக்கு, ராவின எனாமல், பல்லின்ர மேல் ஓடு, திரும்ப முளைக்காது. எவ்வளவு நல்லாச் செய்தாலும் பத்துப் பதினைஞ்சு வருசத்தில மாத்த வரும், அப்ப 25 வயசுப் பிள்ளைக்கு இன்னும் எத்தினை தரம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ. "இது வேண்டாம் தம்பி, முதல் கிளீன் பண்ணிப் பாப்பம்" எண்டு சொல்லுற டொக்டரை விட்டிடாதேங்கோ. வவுனியாப் பக்கம் கிணத்துத்தண்ணி குடிச்சு வளந்த ஆக்களுக்கு ஃபுளோரைட்டால வாற வெள்ளைத் திட்டு, மண்ணிறக் கறை சிலதுக்கு மேலால லேசா உரஞ்சி எடுத்தாலே காணும்.

நாள் கணக்குத்தான் கனபேர் பிழைவிடுறது. வைட்னிங் எண்டு பல்லு வெளுக்கப் போடுற மருந்துக்கு வெனியரும் கிரவுணும் வெளுக்காது, அதால வைட்னிங் முதல், கலர் நிலைக்க ரெண்டு கிழமை, அதுக்குப் பிறகுதான் வெனியர், அதைச் செய்து குடுக்கிற லாப்புக்கு இன்னும் ஒரு கிழமையெண்டாலும் வேணும். லாப் எங்க எண்டும் கேளுங்கோ, கொழும்புக்கு அனுப்பி எடுக்கிறதெண்டா நடுவில ஒரு போயா லீவு வந்தாலே இழுபடும். மூண்டு கிழமை லீவில போறவை வைட்னிங்கை இங்கயே முடிச்சிட்டுப் போறது புத்தி. இம்பிளான்ட், அதாவது இல்லாத பல்லுக்குத் தாடை எலும்பில இறுக்கிற ஆணி, எண்டா எலும்போட பிடிக்கவே மூண்டு தொடக்கம் ஆறு மாதம், ரெண்டு பயணம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

வரேக்க எக்ஸ்ரே, போட்ட பொருளின்ர பேர், கலர் நம்பர், இம்பிளான்ட் பெட்டியில வாற ஸ்டிக்கர் எல்லாம் கையில வாங்குங்கோ. இங்க வந்து கழண்டா இங்கத்தை டொக்டர் முதல் கேக்கிறது அதைத்தான்.

இல்லை, ஊரிலதான் வைட்னிங்கும் எண்டு நிக்கிறவை ரெண்டு நாளைக்குத் தேத்தண்ணி, கோப்பி, கறி ஒண்டும் தொடேலாது. மாமியிட்ட முதலே சொல்லி வையுங்கோ, புட்டும் இடியப்பமும் பரவாயில்லை, ஆனா சொதியிலயும் மஞ்சள் போடுவா.