வெளியூரில் பழக்கமில்லாத தேவாலயத்துக்குப் போகிறீர்களா? வரிசையில் நிற்பதற்கு முன் இதைப் படியுங்கள்

"எல்லோரும் எழுந்தால் எழு, உட்கார்ந்தால் உட்கார்." பயணத்தில் முன்பின் தெரியாத தேவாலயத்துக்குள் நுழைகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை இதுதான். பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத ஓர் இடத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். இந்தப் பதிவே அதனால்தான். கைப்பேசியை அணைப்பது, வழிபாட்டு நேரத்தில் படம் எடுக்காமல் இருப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

1. எந்தச் சபை, எத்தனை மணி

வாசல் பலகையில் கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று ஏதாவது எழுதியிருக்கும். மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும். நேரத்துக்கு வரைபடச் செயலியை நம்பாதீர்கள். அது காட்டுவது பல நேரங்களில் கட்டடம் திறந்திருக்கும் நேரம்தான். அதை நம்பிப் போன ஒரு ஞாயிறு, காலியான பெஞ்சுகளையும் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முந்தைய நாளே நடந்துபோய் அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்துக்கொள்வதுதான் என் வழி.

ஞாயிறு காலை ரயில் ஏற வேண்டுமா? கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே (அப்பம் பகிரும் அவர்களுடைய முக்கிய வழிபாடு) ஞாயிறு வழிபாட்டுக் கடமையைத் தீர்த்துவிடும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் வாராந்தர ஆராதனையே சனிக்கிழமைதான். ஞாயிறன்று போனால் கதவு பூட்டியிருக்கலாம். ஈஸ்டர் சமயத்தில் நாள்காட்டியையும் பாருங்கள். 2024-இல் மேற்கத்திய சபைகளுக்கு (கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட்) மார்ச் 31, பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. மறு ஆண்டே இரண்டும் ஏப்ரல் 20-இல் ஒன்றாக வந்தன.

2. உடையும் இடமும்

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் பெரும்பாலும் போதும். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் அரைக்கால் சட்டைக்காரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் பெண்கள் தலையை மூடிக்கொள்வது வழக்கம், ஆகவே பையில் ஒரு மெல்லிய சால்வை இருக்கட்டும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் என்றால் செருப்பும் வெளியே.

முதல் வரிசை வேண்டவே வேண்டாம். எப்போது எழுவது என்று தெரிந்துகொள்ள முன்னால் ஆள் வேண்டும். என் கட்சி, பின்னாலிருந்து நான்காவது வரிசை. நடைபாதை ஓரம் அல்ல, சுவர் ஓரம். காரணம் பிறகு வருகிறது. பல ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் பெஞ்சே இருக்காது. சுவரோரத்து இருக்கைகள் முதியவர்களுக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரலாம்.

வாசலில் வழிபாட்டுத் தாள் வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செயலிகளும் உண்டுதான். ஆனால் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறவர் ஜெபிக்கிறாரா, யாருக்காவது செய்தி அனுப்புகிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தாளில் தடித்த எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மக்கள் சொல்ல வேண்டியது. மொழி தெரியாவிட்டாலும் இடம் பிடிபட்டுவிடும்.

3. நற்கருணை வரிசை

நற்கருணை என்பது வழிபாட்டில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு. நான் வளர்ந்தது சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையில். அன்று போயிருந்தது கத்தோலிக்கத் திருப்பலிக்கு. என் பெஞ்சு முழுவதும் எழுந்தது, நானும் எழுந்தேன். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். குருவானவர் வெள்ளை அப்பத்தை உயர்த்தி ஏதோ சொன்னார். "ஆமென்" என்று பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் "நன்றி" என்றேன்.

எங்கள் சபையில் எல்லோருக்கும் பகிர்ந்த பிறகே சேர்ந்து உண்போம். அந்தப் பழக்கத்தில் அப்பத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி திரும்பி நடந்தேன். நான்கு அடி வைத்திருப்பேன். வெள்ளை அங்கி அணிந்த பணியாளர் ஒருவர் பின்னாலேயே வந்து என் முழங்கையைத் தொட்டு, தன் வாயைச் சுட்டிக்காட்டினார்.

கத்தோலிக்க நம்பிக்கையில் அது கிறிஸ்துவின் உடல். வாங்கிய இடத்திலேயே உண்ண வேண்டும். பொதுவாகப் பிற சபையினருக்கு வழங்குவதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதில் இன்னும் கண்டிப்பு. மெதடிஸ்ட் சபைகளில் பெரும்பாலும் எல்லோரையும் அழைப்பார்கள். லுத்தரன்களில் கிளைக்குக் கிளை வேறுபடும். அழைப்பு காதில் விழவில்லை, அல்லது மொழி புரியவில்லை என்றால் உட்கார்ந்தே இருங்கள்.

சுவர் ஓரம் என்று சொன்னது இதற்குத்தான். மற்றவர்கள் நடைபாதைப் பக்கமாக வெளியேறிவிடுவார்கள், உங்களைத் தாண்ட வேண்டியிருக்காது. நடைபாதை ஓரத்தில் மாட்டிக்கொண்டால் எழுந்து வழிவிட்டு மறுபடி உட்காருங்கள். யாரும் முறைக்க மாட்டார்கள். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் தவறியவர்கள், பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை) செய்யாதவர்கள் என்று கத்தோலிக்கரிலேயே எழாதவர்கள் உண்டு.

திருத்தம்: "கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள்" என்று முதலில் எழுதியிருந்தேன். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் தேவாலயங்கள் பலவற்றில் அது நடைமுறைதான். ஆனால் ஒரு வாசகர் கருத்துரையில் என் தலையில் குட்டினார். ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் கைகளை அப்படி வைத்து வருகிறவர்தான் நற்கருணை வாங்க வருபவர்! என் பேச்சைக் கேட்டு அவர் போய் நின்றிருக்கிறார். குருவானவர் கரண்டியை ஏந்தியபடி பெயரைக் கேட்டதும் விழித்திருக்கிறார். மன்னியுங்கள் ஐயா. ஆர்த்தடாக்ஸ் என்றால் இடத்தை விட்டு நகராதீர்கள். முடிவில் தருகிற சிறு ரொட்டித் துண்டு வேறு. அது ஆசீர்வதித்த அப்பம் மட்டுமே. விருந்தினருக்கும் பெரும்பாலும் நீட்டுவார்கள், தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

4. சில்லறை விஷயங்கள்

காணிக்கைக்கு ஒரு நோட்டைச் சட்டைப்பையில் தயாராக வையுங்கள். போடாமல் காணிக்கைப் பையை அடுத்தவரிடம் கடத்தினாலும் குற்றமில்லை. சமாதான வாழ்த்தில் (வழிபாட்டின் நடுவே அக்கம்பக்கத்தவரை வாழ்த்தும் இடம்) கை நீட்டினால் கை கொடுங்கள், தலை வணங்கினால் வணங்குங்கள். சிலுவை அடையாளம் பழக்கமில்லையென்றால் விட்டுவிடுங்கள். கத்தோலிக்கர் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு, ரஷ்ய, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினர் வலத்திலிருந்து இடத்துக்கு.

சீர்திருத்த சபையினருக்கு மட்டும் ஒன்று. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கத்தோலிக்கத் திருப்பலியில் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்கும் வரியோடு மக்கள் நிறுத்திவிடுவார்கள். குருவானவர் தனியாக ஒரு மன்றாட்டைச் சொல்லி முடித்த பிறகே "ராஜ்யமும் வல்லமையும்" வரும். பழக்கத்தில் மூச்சு விடாமல் தொடர்ந்தால், அந்த அமைதியில் உங்கள் குரல் மட்டும் கணீரென்று கேட்கும். என் குரல் கேட்டது. அதே திருப்பலியில்தான், அந்த "நன்றி"க்குச் சில நிமிடங்கள் முன்பு.