கை அச்சில் மீன், யானை, நண்டு, மயில்: சின்னக் குழந்தைகளோடு செய்யும் முறை

குழந்தையின் உள்ளங்கையில் வண்ணம் தடவி, காகிதத்தில் அழுத்தி எடுக்க மூன்று வினாடி போதும். அந்த மூன்று வினாடிக்கு முன்னால் கால் மணி நேர ஏற்பாடு இருக்கிறது. அதில் கோட்டை விட்டால் யானை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் தீற்றல் மிஞ்சும். சுவரில் ஒன்று, உங்கள் புடவையில் ஒன்று இலவசம்.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்களுக்கான முறை இது. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, குளிக்கப் போவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் சரியான சமயம். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் கையை நீட்டச் சொல்லிப் பயனில்லை.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

- நச்சுத்தன்மை இல்லை என்று புட்டியில் போட்டிருக்கும், தண்ணீரில் கழுவினால் போகிற போஸ்டர் கலர். ஒரு கைக்கு அரை டீஸ்பூன் தாராளம்.
- 150 ஜி.எஸ்.எம். (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல் தடிமனான ஓவியக் காகிதம், ஏ4 அளவில். பிரிண்டருக்குப் போடும் 80 ஜி.எஸ்.எம். தாள் ஈரம் பட்டதும் சுருண்டுவிடும். சார்ட் பேப்பர் என்றால் வழவழப்பில்லாத பக்கத்தில் பதியுங்கள்.
- பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை 3 செ.மீ. சதுரமாக வெட்டிய துண்டுகள், நிறத்துக்கு ஒன்று.
- நாலாக மடித்த ஒரு மெல்லிய துண்டு.
- மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், ஈரத்துணி இரண்டு, ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீர்.
- கறுப்பு ஸ்கெட்ச் பேனா, நாலைந்து இயர்பட்.

அக்ரிலிக் வண்ணமும் துணிக்குப் பூசும் வண்ணமும் வேண்டாம். கை ரேகைக்குள் காய்ந்து ஒட்டிக்கொண்டால் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவக்கும். கடையில் விற்கும் ஆடும் பிளாஸ்டிக் கண்களையும் மூன்று வயது வரை தொடாதீர்கள். உரிந்து வந்தால் நேராக வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைக்கும். பேனாவால் வரைந்த கண்ணே போதும்.

எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற பிள்ளையா? இரண்டு மேசைக்கரண்டி வெள்ளைச் சோள மாவை (கார்ன்ஃபிளார்) அரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். கண்ணாடி போல மாறியதும் இறக்கி, நன்றாக ஆறவைத்து, உணவு நிறமி நாலு சொட்டு விடுங்கள். இந்தப் பசையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். நிறமியின் சாயம் விரலில் மறுநாள் வரை தங்கலாம். இதில் செய்த படத்தைத் தேடி எறும்பும் கரப்பானும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அச்சு எடுக்கும் முறை

1. காகிதத்தின் பின்பக்கம் பெயர், தேதி, வயதைப் பென்சிலால் இப்போதே எழுதிவிடுங்கள். படம் காய்ந்த பிறகு பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கப் பூச்சு வெடிக்கும்.

2. தரையில் செய்தித்தாள், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் காகிதம். நாலு மூலையிலும் டேப். துண்டை விட்டுவிடாதீர்கள். உள்ளங்கை நடுவில் குழிவாக இருப்பதால் கெட்டித் தரையில் அந்த இடம் பதியாது; விரல்களும் ஓரமும் மட்டும் விழும். அடியில் மெத்தென்று இருந்தால் காகிதம் குழிக்குள் எழும்பிக் கொடுக்கும்.

3. குழந்தையை மடியில் வைத்து, அதன் முதுகுப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் கையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கும். அதன் வலது கைக்கு உங்கள் வலது கை, அதே திசையில்.

4. ஸ்பாஞ்சில் வண்ணம் தொட்டு உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தூரிகை கூசும்; கூசினால் கை மூடிக்கொள்ளும். தட்டில் ஊற்றி முக்கினால் விரலிடுக்கெல்லாம் ரொம்பி வழுக்கும். தோலின் நிறம் தெரியாத அளவு, ஆனால் சொட்டாத அளவு. வண்ணத்தில் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

5. விரல்களை விரித்து, கையை மேலிருந்து நேராக இறக்குங்கள். உங்கள் கையால் அதன் புறங்கையை ஒருமுறை அழுத்தி, ஒவ்வொரு விரலையும் நுனிவரை தொட்டு அழுத்துங்கள்.

6. இடது கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைத் தூக்கி நேர் மேலே எடுங்கள். பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்தாலும் விரல்கள் குழைந்துவிடும்.

7. உடனே ஈரத்துணி, பிறகு மக்குத் தண்ணீர். காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கை முதலில்.

நக இடுக்கில் சாயம் ஏறாமலிருக்க, பூசுவதற்கு முன் நகத்தைச் சுற்றியும் புறங்கையிலும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவலாம். உள்ளங்கையில் பட்டால் வண்ணம் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விழும்.

மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் காயட்டும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஈரமாக இருக்கும்போதே கண் வரைந்தால் ஸ்கெட்ச் பேனாவின் முனை அடைத்துக்கொள்ளும்.

காகிதத்தைத் திருப்பினால் விலங்கு மாறும்

குழந்தையின் கையை முறுக்க வேண்டாம். விரல்கள் முன்னோக்கி இருக்கும்படி எப்போதும் போல் வலது கையைப் பதித்துவிட்டு, காய்ந்த பிறகு காகிதத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

மீனில் தொடங்குங்கள். விரல்கள் ஒட்டி விழுந்தாலும் கெட்டுப்போகாத ஒரே உருவம் இதுதான். காகிதத்தை வலப்புறமாகக் கால் வட்டம் திருப்பினால் நாலு விரலும் வலது பக்கம் வால் ஆகும், கட்டைவிரல் மேலே துடுப்பு ஆகும். இடது ஓரத்தில், மணிக்கட்டுப் பக்கம், கண்ணும் வாயும் வரையுங்கள். செதில்களுக்கு இயர்பட்டை வெள்ளையில் தொட்டுக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். கண் மேலும் நாலு செதில் விழும், விழட்டும்.

யானைக்குச் சாம்பல் நிறம் வேண்டும். வெள்ளையை எடுத்துக்கொண்டு அதில் கறுப்பைப் பல்குச்சி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கறுப்பில் வெள்ளையைக் கலக்க ஆரம்பித்தால் புட்டி காலியானாலும் சாம்பல் வராது. பதிக்கும்போது கட்டைவிரலை நன்றாக விலக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தும்பிக்கை முன்காலோடு ஒட்டிவிடும். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்புங்கள். நாலு விரல் நாலு கால், வலது பக்கம் நீளும் கட்டைவிரல் தும்பிக்கை. அது எப்படியும் கட்டையாகத்தான் இருக்கும், தூரிகையால் ஒரு சுழி நீட்டிக்கொள்ளலாம். கட்டைவிரல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண், அதற்குப் பின்னால் பெரிய அரைவட்டமாகக் காது, சுண்டுவிரல் பக்கம் வால்.

நண்டுக்கு இரண்டு அமர்வு வேண்டும். நகம் போன்ற இரண்டு கொடுக்கையும் சேர்த்து நண்டுக்குப் பத்துக் கால். கொடுக்கு போக எட்டு. நம்மிடமும் கட்டைவிரல் போக எட்டு விரல், கணக்கு பொருந்துகிறது. சிவப்பில் வலது கையைப் பதித்துக் காயவையுங்கள். பிறகு காகிதத்தை அரை வட்டம் திருப்பி, இரண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியும் இரண்டு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இடது கையைப் பதியுங்கள். காயாமல் அவசரப்பட்டால் குழந்தையின் முன்கை முதல் அச்சின் மேலேயே படிந்து அழித்துவிடும். விரல்கள் இரு பக்கமும் நீளும்படி வைத்துப் பார்த்தால் கட்டைவிரல்கள் இரண்டும் மேலே கண்தண்டுகளாக நிற்கும். கொடுக்கை நீங்கள் வரைந்துகொள்ளுங்கள்.

மயிலுக்கு உள்ளங்கையில் நீலம், விரல்களில் பச்சை. திருப்ப வேண்டியதில்லை. நீலத்தின் நடுவே கழுத்தும் தலையும், கீழே இரண்டு கால். ஒவ்வொரு விரல் நுனியிலும் மஞ்சள் பொட்டு, அதற்குள் நீலப் பொட்டு.

கையைத் திறக்கவே மாட்டேன் என்றால்

சில குழந்தைகளுக்கு வண்ணத்தின் ஈரமும் பிசுபிசுப்பும் பிடிக்காது. பிடித்து இழுத்துப் பதிக்காதீர்கள். அடுத்த முறை புட்டியைப் பார்த்ததுமே அழும். உங்கள் கையை முதலில் பதித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு விரல் நுனி மட்டும். அதற்கும் ஒப்பாவிட்டால், தூங்கும்போது கையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் ஸ்பாஞ்சால் ஒற்ற விடலாம்.

மூடிய கைக்கும் ஒரு வழி உண்டு. கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் முஷ்டியைத் தொட்டுக் குட்டிப் பாதம் வைப்போமே, அதே மாதிரி சுண்டுவிரல் பக்கமாக மஞ்சளில் ஒற்றினால் குண்டாக ஓர் உருவம் விழும். ஆரஞ்சில் முக்கோண அலகு, கீழே இரண்டு குச்சிக் கால், ஒரு புள்ளிக் கண் வைத்தால் கோழிக்குஞ்சு.