கொரிய வினையடிகள் உருமாறும் இடம்: மூன்று விகுதி வைத்துப் பிடிப்பது எப்படி

ஹங்குல் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், 'யோ' என முடியும் வடிவத்தை உருவாக்கவும் தெரிந்தவர்களுக்கான பாடம் இது. கீழே குறில் 'உ' வந்தால் 'அது' என்பதன் கடைசி உகரம் போல உதடு குவியாமல் சொல்லுங்கள். நெடில் 'ஊ' என்றால் குவியுங்கள்.

முதலில் நம் 'கேள்' என்ற அடியைப் பாருங்கள். பின்னால் உயிர் வந்தால் கேளுங்கள், வல்லினம் வந்தால் கேட்கிறேன். அதே பொருளுள்ள கொரியச் சொல் துத்தா. அதுவும் உயிருக்கு முன் துரொயோ, மெய்க்கு முன் துத்கோ. இதை வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் நம் காதுக்கு இந்த மாற்றம் புதிதல்ல.

படி 1: அகராதி வடிவத்தின் 'தா'வை வெட்டுங்கள். மிஞ்சுவது அடி.

படி 2: அடியோடு -கோ, -ஒயோ, -உம்யொன் (நம் 'ஆல்') மூன்றையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள்.

வகையின் பெயர் அடி முடியும் எழுத்தின் பெயரே: திகுத் (ㄷ), பியுப் (ㅂ), சியோத் (ㅅ).

திகுத் வகை (நட): கொத்கோ, கொரொயோ, கொரும்யொன்.
பியுப் வகை (குளிராயிரு): சூப்கோ, சூவொயோ, சூ-ஊ-ம்யொன்.
சியோத் வகை (கட்டு): ஜித்கோ, ஜியொயோ, ஜி-உ-ம்யொன்.

-கோவுக்கு முன் அடி அசையாது. மற்ற இரண்டும் உயிரில் தொடங்குவதால் உருமாற்றுகின்றன. 'ரு' வகை மட்டும் தனி: மோருதா (தெரியாதிரு) என்பது மோல்லாயோ ஆகும், மோரும்யொன் மாறாமல் நிற்கும்.

படி 3: பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். திகுத் ரியுலாக (ㄹ) மாறியபின், 'ரியுலில் முடியும் அடிக்கு உ வேண்டாம்' என்ற விதியை இழுத்துவந்து கொல்ம்யொன் என்கிறார்கள். அது 'மாட்டினால்' என்று பொருள்படும் வேறு வினை. 'நடந்தால்' என்பது கொரும்யொன். உகரம் வந்ததால்தான் திகுத் மாறியது. மாறிய பிறகு அந்த உகரத்தை எடுக்க முடியாது. நடக்கிறேன், மாட்டுகிறேன் இரண்டுமே கொரொயோ என்பதால், அந்த வடிவத்தில் குழப்பம் வரும்; இந்த மூன்றாம் விகுதி அவற்றைப் பிரித்துக் காட்டும். ர் கேட்டால் நடை, ல் கேட்டால் மாட்டல்.

சியோத் வகையிலும் இதே கதை. ஜிம்யொன் என்றால் 'தோற்றால்', ஜி-உ-ம்யொன் என்றால் 'கட்டினால்'. நடுவில் ஏன் அந்த இடைவெளி? 1446-இல் வெளியான 28 ஹங்குல் எழுத்துகளில், ஸகரத்தை அதிர்வோடு ஒலிப்பது போன்ற ஓர் ஒலிக்கு முக்கோண வடிவ எழுத்து இருந்தது. அந்த ஒலி மறைந்தது; அது நின்ற இடம் இன்னும் மூடவில்லை. பியுப் வகையிலும் மென்மையான ஒரு பகரம்தான் வகரமாகத் தேய்ந்தது. தென்கிழக்கே கியொங்சாங் வட்டாரப் பேச்சில் இன்றும் சூவொ அல்ல, சூபொ.

படி 4: எந்த வினை மாறும் என்பது அடியின் தோற்றத்தில் தெரியாது. பாத்தா (பெறு), இப்தா (உடுத்து), ஊத்தா (சிரி) மாறாதவை: பாதாயோ, இபொயோ, ஊசொயோ. மூத்தா இன்னும் சிக்கல்: கேள்வி கேட்டால் மூரொயோ, புதைத்தால் மூதொயோ. தேசிய கொரிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதியில் தலைச்சொல்லுக்கு அருகில் 'ஹ்வார்யோங்' (உருமாற்றம்) என்ற பகுதி இருக்கும். முதலில் அங்கே பாருங்கள். வினைமாற்றிச் செயலிகளைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஒரே எழுத்தில் வரும் இரு வினைகளுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு.

ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் அட்டை போடுபவர்கள் 'தா' வடிவத்தை மட்டும் எழுத வேண்டாம். அசையின் இறுதியில் திகுத், சியோத் இரண்டும் ஒரே 'த்' ஆகத்தான் கேட்கும். மூன்று வடிவங்களையும் ஒரே அட்டையில், ஒலியோடு வையுங்கள்.

பின்சேர்க்கை: தோப்தா (உதவு) ஏன் தோவொயோ ஆகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1988-இல் அறிவித்த எழுத்து விதிப்படி தோப்-, கோப்- (அழகாயிரு) என்ற ஓரசை அடிகள் இரண்டுக்கு மட்டும் 'வா': தோவாயோ, கோவாயோ. -உம்யொன் வரும்போது இவையும் மற்றவற்றைப் போலவே: தோ-ஊ-ம்யொன். பழைய நூல்களில் 'அருகில்' என்பது காக்காவா என்று இருந்தால் அச்சுப்பிழை அல்ல. இன்று எழுதும்போது காக்காவொ.