ஒன்றாம் வகுப்பு டிபன் பாக்ஸ்: நான் செய்து முடித்துவிட்ட தவறுகள்

பள்ளி திறந்து முதல் இரண்டு வாரம் மதியம் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெல் அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்காருவார்கள். அடுத்த நிமிடம் பாதிப் பேர் டப்பாவை என் பக்கம் நீட்டுவார்கள். "மிஸ், திறக்க வரல." பதினாறு வருடமாக இதே வாசகம்தான், டப்பா மேலிருக்கும் பொம்மை மட்டும்தான் மாறுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே என் பையனுக்கு நான் கட்டிக்கொடுத்த அதே கூத்து.

சிப்ஸ் வைக்காதீர்கள், காய் வையுங்கள், டப்பாவை நன்றாகக் கழுவுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் யார்?

ஆவியோடு மூடுவது

இது ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

பையன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம். சுற்றிலும் ரப்பர் வளையம், நான்கு பக்கமும் கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பா வாங்கினேன். ஒரு சொட்டு கசியாது என்று கடைக்காரர் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். காலை ஆறே முக்காலுக்குக் குக்கரைத் திறந்து, சாதத்தைக் கிளறி, ஆவி பறக்க அடைத்து, டக் டக்கென்று நாலு கிளிப்பையும் போட்டு அனுப்புவேன். சூடாகப் போனால் சூடாகச் சாப்பிடுவான் என்று ஒரு நினைப்பு.

மூன்று நாள் டப்பா போன கனத்தோடு திரும்பி வந்தது. கேட்டால், "பசிக்கலம்மா." மூன்றாம் நாள் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். முதல் இரண்டு நாளும் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா திறந்து கொட்டியிருக்கிறார். அன்று அவர் வரவில்லை. நானே கிளிப்பையெல்லாம் எடுத்துவிட்டு இழுத்தேன், மூடி அசையவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பிய பிறகுதான் 'ப்ளக்' என்று கழன்றது. என் கைக்கே இந்தப் பாடு என்றால் ஆறு வயதுக் கை என்ன செய்யும்? யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்துப் பையன் கொடுத்த பிஸ்கட்டில் மூன்று நாளை ஓட்டியிருக்கிறான். அதற்குமேல் என் கையால் அடி வேறு.

குக்கர் ஆறியபின் வெயிட்டைத் தூக்கினால் சில நேரம் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகுமே, அதே சங்கதிதான். சுடு சாதத்தின் ஆவி டப்பாவிலிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது மூடிவிட்டால், ஆறும்போது ஆவி தண்ணீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் வளையம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு இறுக்கம். சில டப்பாக்களின் மூடியில் சின்னதாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அது அழகுக்கு இல்லை. அதைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி தானாக இளகும். பிள்ளைக்கு இதை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. வாங்கிக்கொடுத்தவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

மூடி திறந்தாலும் கதை முடியாது. அந்த ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டி சாதத்தைக் கூழாக்கியிருக்கும், தோசை ஊறித் துணி மாதிரி கிடக்கும், வறுவல் நமத்திருக்கும். காலை ஏழிலிருந்து மதியம் பன்னிரண்டரை வரை வெதுவெதுப்பும் ஈரமுமாகப் பூட்டிக் கிடப்பதைத்தான் கிருமிகள் விரும்பும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சாதம் அவற்றுக்கு நல்ல இடம். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, பருப்புச் சாதம் இரண்டும் முதலில் ஊசிப்போகும்.

இரண்டில் ஒன்று செய்யுங்கள். ஒன்று, நன்றாக ஆறவைப்பது: அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிடம். கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது, அப்புறம் மூடுங்கள். எலுமிச்சை, புளி சாதத்துக்கு இதுவே போதும், புளிப்பு கொஞ்சம் காவல் காக்கும். தயிர் சாதம் என்றால் குழைத்து ஆறிய சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் போடுங்கள். மதியத்துக்குள் அளவாகத் தோய்ந்திருக்கும்; தயிரை அள்ளி ஊற்றினால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். இல்லையா, சூட்டை விடாத டப்பா வாங்குங்கள். அதில் முதலில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடுங்கள். அந்த மூடியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தரையில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் உதவக்கூடாது, வேடிக்கை மட்டும்.

டப்பாவை நிரப்புவது

அரசின் மதிய உணவுக் கணக்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறாம் வகுப்பு போனால்தான் அரிசி 150 கிராம். நம் வீட்டு டப்பாவில் ஒன்றாம் வகுப்புக்கே எட்டாம் வகுப்புச் சோறு, அழுத்தி அழுத்தி. நாற்பது நிமிட இடைவேளையில் கை கழுவி, இடம் பிடித்து, டப்பாவோடு மல்லுக்கட்டி முடித்தால் சாப்பிட இருபது நிமிடம் மிஞ்சும். வீட்டில் டிவி முன்னால் முக்கால் மணி நேரம் ஊட்டிவிட்டுப் பழக்கிய பிள்ளை என்ன பண்ணும்? ஒரு கைப்பிடியைக் குறைத்து அனுப்புங்கள். மீதி பசியை நாலு மணிக்கு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றைய சாதம்

ராத்திரி மேடையிலேயே கிடந்த சாதத்தைக் காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாக்குவது. அதில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறியவுடன் ஃபிரிட்ஜில் போனதென்றால் சரி, இல்லையென்றால் குப்பைக்கு.

முருங்கைக்காய், முள் மீன்

வீட்டில்.

காலி டப்பாவுக்குப் பரிசு

டப்பா காலியாக வந்தால் சாக்லேட் என்று நானும் ஒரு மாதம் நடத்தினேன். தினமும் பளபளவென்று வரும், எனக்கும் பெருமை. கைகழுவும் குழாய்க்குப் பின்னால் இருந்த வாளியில் தினம் அவரைக்காய்ப் பொரியல் கிடக்கிறது என்று அவனுடைய பள்ளி ஆயாம்மா சொன்ன அன்று சாக்லேட்டை நிறுத்தினேன். அவரைக்காயையும்தான். மீதியை அப்படியே கொண்டுவா, திட்ட மாட்டேன் என்றேன். அப்புறம்தான் அவன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதே எனக்குத் தெரியவந்தது.

பெயர் எழுதாத மூடி

எங்கள் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் இப்போது பதினொன்று இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.