கினிப்பன்றிக்குப் பச்சைத் தழை கொடுக்கத் தொடங்குவது எப்படி?

மனிதர்களைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. தினமும் தீனியிலிருந்துதான் அது கிடைத்தாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குறைந்துபோனால் ஸ்கர்வி வரும்: மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், ஈறில் ரத்தம் கசியும். குடிக்கும் தண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலந்தால் அந்தச் சத்து சீக்கிரம் அழிந்துவிடும். அதனால்தான் பசுந்தழையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஆனால் கொடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்.

1. முதலில் உலர்புல்

எந்நேரமும் உலர்புல் கூண்டில் இருக்கட்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி இது. புல்லை அரைத்து அரைத்துத்தான் பல் தேயும், குடலும் ஓடும். வைக்கோல் இதற்கு மாற்று ஆகாது. தழை என்பது கூடுதல் தீனி மட்டுமே.

2. தழையைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குவதற்குக் கொத்தமல்லி நல்லது. அநேகமாக எல்லாக் கினிப்பன்றியும் விரும்பித் தின்னும், சுண்ணாம்புச் சத்தும் மற்ற பல தழைகளைவிடக் குறைவு. பார்ஸ்லியில் வைட்டமின் சி ஏராளம், கூடவே சுண்ணாம்புச் சத்தும் அதிகம். புதினா, சதகுப்பைத் தழை, பேசில் (துளசி வகைத் தழை) ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம்தான்.

இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், தீனியில் வரும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைக் கினிப்பன்றியின் உடல் உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும் ஆபத்து உண்டு. பார்ஸ்லியை வாரம் ஓரிரு முறை, ஒன்றிரண்டு காம்பு கொடுத்தால் போதும். தினமும் ஒரே தழையைக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

வெங்காயம், பூண்டு, அவற்றின் தாள் எதையும் கொடுக்கவே கூடாது. தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி ஆகியவற்றின் இலைகளும் வேண்டாம். பெயர் தெரியாத செடியையும், மருந்து அடித்த இடத்தில் வளர்ந்ததையும் தொடாதீர்கள்.

3. கழுவித் தண்ணீரை உதறுங்கள்

ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு காம்பாகக் கழுவுங்கள். அழுகிய, வழவழத்த, பூசணம் பிடித்த இலையைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் குளிர்ச்சி போகும்வரை வெளியே வையுங்கள்.

4. ஒரு காம்பில் தொடங்குங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். கினிப்பன்றியின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்க உதவுகின்றன. அவை புதுத் தீனிக்குப் பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். திடீரென்று ஒரு கட்டைப் போட்டால் வயிறு உப்பும், கழியும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் உள்ளே போனது போனதுதான்.

முதல் நாள் ஒரே ஒரு சிறு காம்பு. மறுநாள் புழுக்கையைப் பாருங்கள். திரண்டு, உலர்ந்து, ஒரே அளவில் இருந்தால் சரி, கொஞ்சம் கூட்டலாம். குழைந்திருந்தால் தழையை நிறுத்திவிட்டு உலர்புல் மட்டும் கொடுங்கள். ஒரு தழை பழகிய பிறகே அடுத்தது. இரண்டைச் சேர்த்து அறிமுகம் செய்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போய்விடும்.

பழகிய பிறகு, காய்கறியும் தழையும் சேர்த்து ஒரு பிராணிக்கு நாளொன்றுக்கு ஒரு கோப்பை அளவு போதும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக் கொடுங்கள். சில மணி நேரத்தில் தின்னாமல் விட்டதை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பிராணிகள் இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் வலுத்தது முழுவதையும் தின்றுவிடும்.

5. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிக்கும்போது கீச்சிடுவது, வயிறு பறைபோல் உப்பியிருப்பது, புழுக்கையே போடாமல் இருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தீனியை அடியோடு நிறுத்திவிட்டாலும் அப்படியே; அரை நாள் பட்டினி கிடந்தாலே இதற்கு அபாயம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.