டைப் 1 சர்க்கரை: பிள்ளையின் மனசைக் கவனிக்காமல் விடும் இடங்கள்

பள்ளி விட்டு வரும் பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் "ரீடிங் எவ்வளவு?" என்று கேட்கிறோம். டைப் 1 சர்க்கரை உள்ள வீடுகளில் எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான். 240 என்றதும் அம்மாவின் முகம் மாறும், "என்னத்தத் தின்ன?" என்ற கேள்வி வரும். காய்ச்சல், பரீட்சை பயம், வளரும் பருவத்து ஹார்மோன்கள், ஒரே இடத்தில் இன்சுலின் ஊசி போட்டுத் தடித்துப்போன தோல் என்று எதனாலும் சர்க்கரை ஏறும். பிள்ளைக்கோ நம்பர் கூடினால் திட்டு விழும் என்பது மட்டும்தான் புரியும். அப்புறம் நோட்டில் பொய் ரீடிங் ஏறும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்க, டாக்டரிடமும் திட்டு. "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், பொய் எழுதும் தேவையே குறையும்.

"சாக்லேட் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொல்ல எந்த விசேஷத்திலும் ஒரு அத்தை இருப்பார். இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது இது, இனிப்பால் அல்ல. இதைப் பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

எரிந்து விழுந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கத்தோடு கோபமும் வரும். ஆனால் ரீடிங் 130-இல் நிற்கும்போதும் அழுகை, தூக்கமின்மை, விளையாடப் போக மறுப்பது என்று இரண்டு வாரம் ஓடினால் அதை லோ சுகர் கணக்கில் எழுதக்கூடாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

பள்ளியில் மறைப்பது, குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், நம் ஊரில் சகஜம். விளைவு, கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி. நோய் வெட்கப்பட வேண்டியது என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி. பொதுத்தேர்வு அறைக்குள், சர்க்கரை இறங்கினால் வாயில் போடும் இனிப்பு மாத்திரையும் தின்பண்டமும் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. வகுப்பாசிரியரிடம் பேச இவ்வளவு தயக்கம் வேண்டாம்.

"பெரிய பிள்ளை ஆயிட்ட, நீயே பாத்துக்கோ" என்று பதின்மூன்று வயதில் மொத்தத்தையும் ஒப்படைப்பதும் தவறு. லீவே இல்லாத வேலை இது, பெரியவர்களுக்கே அலுக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது ரீடிங், ஊசிக் கணக்கை நீங்கள் பாருங்கள்.

அலுப்பில் ஊசியைத் தவிர்க்கும் பிள்ளைகள் உண்டு. உடம்பு இளைக்கட்டும் என்று தவிர்ப்பவர்களும் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "செத்துட்டா நல்லாருக்கும்" என்று பிள்ளை சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். தனியாக விடாதீர்கள், இன்சுலினைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு அளவு பார்த்துப் போடட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டதாகச் சந்தேகம் வந்தால் போன் பேசி நேரம் கடத்தாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.