ஆர்க்கிட் அழுகுகிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

காரைக்குடி வெயிலுக்கு ஆர்க்கிட் காய்ந்துவிடும் என்றுதான் எல்லாருக்கும் பயம். அதனால் காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை என்று ஊற்றித் தள்ளுகிறார்கள். நான் பார்த்தவரை இங்கே காய்ந்து செத்த செடிகளைவிட அழுகிச் செத்தவைதான் அதிகம்.

சாயங்காலத் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். பூஞ்சை வித்து முளைக்க இலைமேல் சில மணி நேர ஈரமே போதும். இரவில் அது சீக்கிரம் உலராது. ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டுக்கு வளர்வதற்கு இருப்பது ஒரே நடுக்குருத்து. அதில் தண்ணீர் தேங்கி அழுகினால் பெரும்பாலும் செடியே போச்சு. காலையில் ஊற்றிவிட்டு, குருத்தில் நிற்பதை டிஷ்யூ பேப்பர் நுனியால் ஒற்றி எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு வினை. வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி, ஓட்டு நுனிக்கு நேர் கீழே வரிசையாகத் தொங்கவிட்டால் பார்க்க அழகுதான். ஆனால் மழை விட்ட பிறகும் ஓடு சொட்டிக்கொண்டே இருக்கும், தெறிக்கிற நீரோடு நோயும் அடுத்த செடிக்குப் போகும். கொஞ்சம் உள்ளே தள்ளி, இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

அடுத்தது, எது வந்தாலும் கார்பெண்டசிம் என்ற பூஞ்சை மருந்தை அடிப்பது. கடையிலும் கேட்டவுடன் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இலையைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று நீர் கோத்து, அழுத்தினால் கசிந்து நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். ஓரிரு நாளில் இலை முழுக்க ஓடிவிடும். பூஞ்சை மருந்து அதை ஒன்றும் செய்யாது. அழுகலுக்கு அப்பால் நல்ல பச்சையிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, செடியைக் காயப் போடுங்கள்.

நாற்றமில்லாமல் கறுத்து, இளந்தண்டோ குருத்தோ தொட்டால் கழன்று வந்தால் கருப்பழுகல் என்று சந்தேகப்படலாம். அதற்குக் காரணமான பித்தியம், ஃபைட்டோப்தோரா என்ற கிருமிகள் இரண்டும் அசல் பூஞ்சைகள் இல்லை. கார்பெண்டசிம்முக்கு அவை மசியாது. மெட்டலாக்சில் கலந்த மருந்து வேண்டும், அளவு பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. காய்ந்த பழுப்புப் புள்ளியில் வளையம் வளையமாகக் கரும்பொட்டுகள் இருந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். வெயில் சுட்ட இடத்தில் பெரும்பாலும் இதுதான் வந்து உட்காரும். நிழல்வலை கட்டாமல் மருந்து மட்டும் அடித்தால் காசுக்குத்தான் கேடு. தாமிர மருந்தை டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டுக்கு அடிக்காதீர்கள், செடி கருகும்.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல். ஒரே கத்தரியால் எல்லாச் செடியையும் வெட்டினால், சாறு வழியாக சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் தொற்றும். அதற்கு மருந்தே கிடையாது. சானிடைசரில் துடைப்பதை நம்ப முடியாது. செடிக்கு ஒரு புது பிளேடு எடுத்துக்கொள்வது சுலபம். வைரஸ் வந்த செடியைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது, பூக்கவும் செய்கிறதே என்பார்கள். வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் முகப்பில் தனியாக வையுங்கள். அதைப் பிரித்து மகள் வீட்டுக்குக் கன்று கொடுத்தனுப்பாதீர்கள்.

தொட்டியில் போட்ட தேங்காய் மட்டை மக்கிப்போயிருந்தால், கார்த்திகை அடைமழைக்குக் காத்திராமல் ஆவணியிலேயே மாற்றிவிடுங்கள். கரியும் ஓட்டுச்சில்லும் கூடுதலாகச் சேர்த்தால் வேருக்குக் காற்று கிடைக்கும்.